உயிரோடிருந்தவளின் பெயர்

ஹிண்டா செத்துவிட்டாள் என்று முடிவு கட்டியவள் அவளுடைய தங்கை ஃப்ரூமா. அதைச் செய்ய அந்தக் குடும்பத்தில் வேறு ஆள் மிச்சமில்லை.

1947. ஜெர்மனியில் ஒரு முகாம். போர் முடிந்தும் போக இடமில்லாதவர்களை அமெரிக்கர்கள் அங்கே வைத்திருந்தார்கள். ஃப்ரூமாவுக்கு இருபத்தைந்து வயது, கையில் புதிதாய்ப் பிறந்த பெண் குழந்தை. குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும். யூதர்களான அவர்கள் செத்தவர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். உயிரோடிருப்பவர் பெயரை வைப்பது அவரைச் சீக்கிரம் கிளம்பச் சொல்வது மாதிரி. தவிர, பெயர் பார்த்து வருகிற மரண தூதன் ஆளை மாற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அந்த வருடம் முகாமில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர்கள் கூட்டமாகக் காத்து நின்றன.

கணவன் ஸெலிக், ஃப்ரூமாவின் அம்மாவுடைய பெயரைச் சொன்னான்.

“அம்மா பேரு வேணாம்,” என்றாள் ஃப்ரூமா. “நாளைக்கு இவளைத் திட்டணும், ரெண்டு போடணும். அம்மா பேரைச் சொல்லி எப்படித் திட்டுவேன்? ஹிண்டான்னு வை. அவளைத் திட்டி எனக்குப் பழக்கம் இருக்கு.”

“கொஞ்சம் பொறுக்கலாமே. ரஷ்யாப் பக்கத்துலேர்ந்து இன்னும் ஆளுங்க வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“அவ போன ரயில் மேல குண்டு விழுந்ததை நம்ம ஊரு மோட்கே கண்ணால பாத்திருக்கான். அவ தலையில கட்டியிருந்த சிவப்புத் துணியைக்கூடச் சொன்னான். இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கறது? குழந்தை பேரில்லாம கிடக்குது.”

வைத்தார்கள்.

அக்காவும் தங்கையும் வளர்ந்தது போலந்தில், பியாலிஸ்டோக்கில். அப்பா லெய்ப் சந்தையில் பொத்தான் விற்றார். அம்மா கோழி விற்றாள். கோழியை விட அவள் சாபம்தான் ஊரில் பிரபலம். இரண்டு பெண்களுக்குப் பிறகு பெர்ல் என்று ஒரு பையன். ஹிண்டா ஆறு வயது மூத்தவள் என்றாலும் இருவருக்கும் ஒரே கால் அளவு. வீட்டில் நல்ல பூட்ஸ் ஒரே ஜோடி. பேருக்குக் கிழமை முறை இருந்தாலும் வெளியே போகிறவள் போட்டுக்கொள்வாள், மற்றவள் வீட்டில் இருப்பாள். ஹிண்டா கட்சிக் கூட்டங்களுக்குப் போகிறவள். அதனால் ஃப்ரூமா பெரும்பாலும் வீட்டில்தான் இருந்தாள்.

1941 ஜூனில் ஜெர்மன் விமானங்கள் வந்தபோது ஹிண்டா, அப்போது ஊரை வைத்திருந்த ரஷ்யர்களோடு கிழக்கே போகிற ரயிலைப் பிடிக்கக் கிளம்பினாள். மற்ற யாரும் வர மாட்டேன் என்றார்கள். அம்மாவுக்குக் கோழிகளை விட்டு வர முடியாது, அப்பாவுக்கு அம்மாவை விட்டு. ஹிண்டா சிவப்புத் துணியைத் தலையில் கட்டி, உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டாள்.

“ஜூன் மாசத்துல பூட்ஸ் எதுக்குடி?” என்று கேட்டாள் ஃப்ரூமா.

“ரஷ்யாவுல எப்பவுமே குளிருதான்.”

அதுதான் கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு நடந்ததை ஃப்ரூமா யாருக்கும் நீட்டிச் சொன்னதில்லை. பள்ளியில் கேட்டுவரச் சொன்னார்கள் என்று ஒரு நாள் மகள் பென்சிலோடு வந்து நின்றபோது சொன்னதுதான் அதிகம்.

“ஜெர்மன்காரன் வந்தான். வேலி போட்டு எங்களை உள்ள அடைச்சான். ரெண்டு வருஷம் அவனுக்குத் துணி தைச்சோம். நாப்பத்தி மூணு ஆகஸ்ட்ல எல்லாரையும் வெளிய இழுத்து ரயில்ல ஏத்தினான். அப்பா, அம்மா, பெர்ல் ஒரு வண்டி. நான் இன்னொரு வண்டி. அவங்க வண்டி போன எடத்துலேர்ந்து யாரும் வரல. நான் மூணு முகாம் பாத்தேன். ஒண்ணுல பின்னல் மெஷின் இருந்தது, கத்துக்கிட்டேன். போதும், எழுதிக்கோ. எழுதிட்டுச் சாப்பிட வா.”

கால் விரல்களைப் பற்றி மகளிடம் சொல்லவில்லை. கடைசிக் குளிர்காலத்தில் மரக்கட்டை அடி வைத்த செருப்போடு பனியில் நடக்க வைத்தார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், அதை யாரும் கவனிக்கவில்லை. கப்பலில் வந்து இறங்கிய முதல் வாரமே அடுத்தவர் பட்டறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பத்து வருடத்தில் பிரன்ஸ்விக்கில் சொந்தப் பட்டறை. ஸ்வெட்டர், கார்டிகன், பள்ளிச் சீருடை. இத்தாலியப் பெண்களும் கிரேக்கப் பெண்களும் வேலை பார்த்தார்கள். ஃப்ரூமா அவர்களைத் தன் யூத மொழியான இட்டிஷில் திட்டினாள், அவர்கள் அவரவர் பாஷையில் திருப்பித் திட்டினார்கள், வேலை நன்றாக நடந்தது. லாரிக்காரன், வங்கி மேனேஜர், நகராட்சி ஆள், யாருக்கும் அவள் பயப்படவில்லை. பயப்பட வேண்டியதற்கெல்லாம் ஏற்கெனவே பயந்து முடித்தாயிற்று என்பது அவள் கணக்கு.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் பட்டறைக்குப் போக மாட்டாள். ஆகஸ்டில் பியாலிஸ்டோக் ஊர்க்காரர்கள் சங்கம் கார்ல்டன் மண்டபத்தில் செத்தவர்களுக்கு நினைவுக் கூட்டம் நடத்தும். அன்று பொழுது சாய்கிற நேரம் ஃப்ரூமா சமையலறையில் நான்கு மெழுகுவர்த்திகள் ஏற்றுவாள். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, பெர்லுக்கு, ஹிண்டாவுக்கு. கெட்டியான கண்ணாடி டம்ளருக்குள் மெழுகு ஊற்றி விற்கிற வர்த்தி. ஒரு நாள் முழுக்க எரியும். எரிந்து முடிந்ததும் வெந்நீர் ஊற்றிச் சுரண்டிக் கழுவி டம்ளரை அலமாரியில் வைப்பாள். அந்த ஊர் யூதர் வீடுகளில் பாதி டம்ளர் அப்படி வந்ததுதான். ஃப்ரூமா வீட்டில் அதில்தான் பால், அதில்தான் தேநீர், அதில்தான் பல் செட்டு. மிஞ்சியதைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டாள். கிரேக்கப் பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்கள்.

அவளும் தேடாமல் இல்லை. முகாமில் இருந்தபோதே செஞ்சிலுவைச் சங்கத்தில் ஹிண்டாவின் பெயரைக் கொடுத்திருந்தாள். அந்தப் பெயரில் ரஷ்யாவில் யாரும் இல்லை என்று பதில் வந்தது.

1977 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, செயின்ட் கில்டாவில் மீன் கடை. கடைக்காரர் செத்த கெண்டையை உயிருள்ள கெண்டை விலைக்குக் கொடுக்கப் பார்த்தார்.

“உன் கல்யாணத்துல மழை பெய்யட்டும்,” என்றாள் ஃப்ரூமா, “பந்தல்ல இல்ல, சூப்புக்குள்ள மட்டும்!”

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள். புதிதாக ரஷ்யாவிலிருந்து வந்தவள் என்று கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ரிவா என்று பெயர்.

“இந்தச் சாபத்தை நீங்களும் சொல்றீங்களா? தாஷ்கெண்ட்ல எங்க பக்கத்து வீட்டு கலினா இப்படியேதான் திட்டுவா. அவளைத் தவிர வேற யாரு வாயிலயும் நான் கேட்டதில்ல.”

ஃப்ரூமாவும் தன் வீட்டுக்கு வெளியே கேட்டதில்லை. அது அம்மாவே உண்டாக்கிய சாபம். சந்தையில் மற்றவர்கள் திருடிக்கொண்டால் சண்டைக்குப் போவாள்.

“அந்த கலினாவுக்கு எந்த ஊரு?”

“போலந்துப் பக்கம்னு சொல்லுவா. அதுக்கு மேல பேச மாட்டா.”

கலினாவின் தொலைபேசி எண்ணை ரிவாவிடம் வாங்கிக்கொண்டு, கெண்டையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். தொலைபேசி இணைப்புக் கிடைக்கப் பல நாளானது. கடைசியில் ஒரு கிழட்டுக் குரல் ரஷ்ய மொழியில் யார் என்று கேட்டது. ஃப்ரூமா இட்டிஷில், “பூட்ஸைத் திருப்பிக் குடுடி, திருடி,” என்றாள். “அது கிழிஞ்சு ரொம்ப நாளாச்சுடி,” என்றது குரல், இட்டிஷில்.

அனுமதிச் சீட்டு, டாக்டர் பரிசோதனை, ஜாமீன் கையெழுத்து எல்லாம் முடிந்து ஹிண்டா வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதற்குள் ஃப்ரூமாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. அக்கா தன் வீட்டிலேயே இருக்க வேண்டும், சாகும் வரை. அக்கா பெயரை மகளுக்கு வைத்திருப்பது தெரிந்தால் இருப்பாளா?

அக்கா வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மகளையும் ஸெலிக்கையும் உட்கார வைத்து உத்தரவு போட்டாள்.

“அவ வந்ததும் நீ ஹெலன். யாரும் ஹிண்டான்னு கூப்பிடக் கூடாது. ஸெலிக், குறிப்பா நீ.”

மகளுக்கு முப்பது வயது, பள்ளி ஆசிரியை, முதல் பிரசவத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

“என்னால முடியாதும்மா. எட்டு வயசுல டீச்சர் ஹெலன்னு மாத்தினாங்க. உன் வாயை சோப்பு போட்டுக் கழுவுவேன்னு அவங்ககிட்ட சண்டைக்குப் போனது யாரு? நீதானே? இப்ப நீயே ஹெலன்னு கூப்பிடுவியா?”

“கொஞ்ச நாளைக்குத்தான்.”

“கொஞ்ச நாள்னா?”

“அவ பழகற வரைக்கும்.”

“எதுக்குப் பழகற வரைக்கும்? செத்துட்டதுக்கா?” என்றார் ஸெலிக்.

“நீ மீனுக்குச் சர்க்கரை போடற ஊர்க்காரன். உனக்கு ஒண்ணும் புரியாது.”

ஸெலிக் போன்ற லோட்ஸ் ஊர்க்காரர்களுக்கு எதிராக இது ஃப்ரூமாவின் கடைசி ஆயுதம். அதற்குப் பிறகு விவாதம் கிடையாது.

விமான நிலையத்தில் ஹிண்டா குட்டையாக, அகலமாக, ஆண்கள் போடுகிற தொப்பியோடு வெளியே வந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள்.

“குண்டாயிட்ட,” என்றாள் ஹிண்டா.

“நீ மட்டும்?”

“எனக்கு ரஷ்ய ரொட்டி. உனக்கு என்ன சாக்கு?”

காரில் ஏறிய பிறகுதான் ஹிண்டா தங்கையின் கையைப் பிடித்தாள். வீடு வரும் வரை விடவில்லை. ஃப்ரூமா ஒரே கையால் கார் ஓட்டினாள்.

முதல் நாள் சாப்பாட்டில் பூட்ஸ் சண்டை வந்தது. வரவேண்டியதுதான். முப்பத்தாறு வருடமாக அடுப்பில் இருந்த சண்டை.

“நீதான் எடுத்துக்கோன்னு சொன்ன,” என்றாள் ஹிண்டா.

“நான் எதுக்குன்னு கேட்டேன். எடுத்துக்கோன்னு சொல்லல.”

“உன் முறை இல்ல அன்னைக்கு. செவ்வாய்க்கிழமை. செவ்வாய் எனக்கு.”

“உலகம் பத்தி எரியுது, இவ கிழமை பாக்கறா!”

ஸெலிக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹிண்டாவும் சிரித்தாள். பிறகு ஸ்பூனைச் சூப்புக்குள் விட்டபடி, “அப்பா எப்ப?” என்று கேட்டாள்.

“நாப்பத்தி மூணு ஆகஸ்ட். எல்லாரோடயும்தான்.”

“நாப்பத்தி மூணா? நாப்பத்தி ஒண்ணுல இல்லயா? நம்ம கோயிலுக்குள்ள ஆளுங்களை வெச்சு எரிச்சாங்கன்னு சொன்னாங்களே.”

“அன்னைக்கு அவரு பரண்ல ஒளிஞ்சிருந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தாரு. வேலிக்குள்ளயும் பொத்தான் வித்தாரு, தெரியுமா? நம்ம அப்பா ஆச்சே!”

ஹிண்டா ஸ்பூனைக் கீழே வைத்தாள். சூப் சூடாக இருக்கிறது என்றாள். அது சூடாக இல்லை. ஃப்ரூமா அதைக் கவனித்தாள், ஆனால் அர்த்தம் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஹிண்டா பட்டறைக்கு வந்து மெஷின்களைப் பார்த்து, “முதலாளி ஆயிட்ட, வெக்கமா இல்ல?” என்று கேட்டு, அன்றே ஒரு கார்டிகன் எடுத்துக்கொண்டாள். அக்லண்ட் தெருவில் சீஸ் கேக் சாப்பிட்டாள். டிராமில் அந்நியர்களிடம் இட்டிஷில் பேசினாள், மூன்றில் ஒருவர் பதில் சொன்னார்கள். அவளுடைய ரஷ்யக் கடவுச்சீட்டில் கலினா என்று இருந்தது. போரில் பழைய காகிதங்கள் தொலைந்தபோது யாரோ எழுதிக் கொடுத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அதனால்தான் செஞ்சிலுவைக்காரர்களுக்கு ஹிண்டா கிடைக்கவில்லை. மகளை எல்லோரும் ஹெலன் என்றார்கள். மகள் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

நினைவுக் கூட்டத்து நாள். மதியத்துக்கு மேல் மகள் காரில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஸெலிக் நாற்காலி போட முன்னாடியே மண்டபத்துக்குப் போய்விட்டார். ஃப்ரூமா கடையிலிருந்து வந்த பையை மேஜையில் பிரித்து வர்த்திகளை எடுத்து வைத்தாள். ஹிண்டா எதிரே உட்கார்ந்து, கட்டிச் சர்க்கரையைப் பல்லில் வைத்து, கெட்டி டம்ளரில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றாள் வர்த்திகளைப் பார்த்து. “அம்மா. பெர்ல். நாலாவது யாருக்கு?”

ஃப்ரூமாவின் கை நின்றது. போன வருடமே கடைக்காரியிடம் வழக்கமான நாலு என்று சொல்லி வைத்திருந்தாள். மாற்றிச் சொல்ல மறந்துவிட்டாள். இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

“கடைக்காரி தப்பாப் போட்டுட்டா.”

“ஃப்ரூமா.”

“என்ன?”

“பொய் சொன்னா உன் காது சிவக்கும். இப்பவும் சிவக்குது.”

ஹிண்டா வர்த்தியைப் பார்த்தாள். வர்த்தி இருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். இரண்டும் ஒரே அச்சு, ஒரே கெட்டி, அடியில் ஒரே வளையம். எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். உள்ளே மூன்று தட்டு நிறைய டம்ளர்கள்.

“இதுல நான் எத்தனை?”

“நாலுல ஒண்ணு,” என்றாள் ஃப்ரூமா. மறைப்பது அவளுக்குக் கைவராத வேலை, இரண்டு வாரம் செய்ததே அதிகம். “பட்டறையிலயும் இருக்கு. எது உன்னுதுன்னு என்னைக் கேக்காதே. கழுவிட்டா எல்லாம் ஒண்ணுதான்.”

ஹிண்டா திரும்பி வந்து உட்கார்ந்தாள். மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தாள். ரஷ்யாவில் எதையும் வீணாக்கிப் பழகாதவள்.

“வர்த்தியோட விட்டியா, பேரும் வெச்சியா?”

ஃப்ரூமாவின் காது எரிந்தது.

“அந்த ஹெலன். கூப்பிட்டா திரும்ப ஒரு நிமிஷம் ஆகுது அவளுக்கு. பேரு என்ன அவளுக்கு?”

“ஹிண்டா.”

ஹிண்டாவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ போயிற்று. கத்துவாள் என்று ஃப்ரூமா தயாராக நின்றாள். கத்தினால் பதில் இருந்தது. மோட்கே, ரயில், சிவப்புத் துணி எல்லாம் வரிசையாக வைத்திருந்தாள். ஹிண்டா கத்தவில்லை. எழுந்து தன் அறைக்குப் போனாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

ஃப்ரூமா வாசல் பக்கம் போனாள். கதவோரம் ஹிண்டாவின் ஷூ இருந்தது. எடுத்துப் போய்ச் சலவை மெஷினுக்குள் போட்டு மூடினாள். பிறகு அறை வாசலில் போய் நின்றாள்.

“எங்க போறே?”

“ரிவா இருக்கற விடுதிக்கு. எடம் இருக்குன்னு சொன்னா.”

“கோவிச்சுக்கிட்டுப் போறியா? மோட்கே சத்தியம் பண்ணினான்டி!”

“மோட்கேவா? குடிக்காதப்பவே ஒண்ணை ரெண்டாப் பாக்கறவன்.” ஹிண்டா கார்டிகனை மடித்து வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “எனக்குக் கோவம் இல்ல. என் ஷூ எங்க?”

“ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“என்னது?”

“அன்னைக்கே பூட்ஸை அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வெக்கலாமான்னு நினைச்சேன். நீ முகம் கழுவப் போயிருந்த. வெச்சிருந்தா நீ போயிருக்க மாட்ட. வெக்கல. இந்தத் தடவை வெச்சுட்டேன்.”

“வெச்சிருந்தா நானும் அவங்களோடயே போயிருப்பேன்.”

“ஆமா.”

“அப்ப வெக்காதது நல்லதுதானே?”

“நல்லதுதான். யாரு இல்லன்னா?” ஃப்ரூமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “ஆனா என் விரல் ரெண்டு போச்சு. அதையும் நீ தெரிஞ்சுக்கணும். அதுக்காக உன்னை வருஷத்துக்கு முன்னூத்தி அறுபத்தி நாலு நாள் திட்டினேன். ஒரு நாள் வர்த்தி ஏத்தினேன்.”

அப்போது வாசலில் சாவி திரும்பியது. மகள், எட்டரை மாத வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, “ரெடியா? காரை ரோட்டை மறைச்சு நிறுத்தியிருக்கேன்,” என்றபடி அறைக்குள் வந்தாள்.

ஹிண்டா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “வராதே! கிட்ட வராதே! ஃப்ரூமா, அவளை வெளிய கூட்டிட்டுப் போ!”

அந்தக் குரலைக் கேட்டதும் ஃப்ரூமாவுக்குத் தன் கணக்கு தப்பு என்று புரிந்தது. கோபக்காரர்கள் இப்படிச் சுவரோடு ஒட்ட மாட்டார்கள். இப்படி ஒட்டியவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

“உனக்கு என்ன பயம்?” என்றாள்.

ஹிண்டா வெகு நேரம் மகளின் வயிற்றையே பார்த்தாள்.

“எனக்கு ஒரு பையன் இருந்தான்,” என்றாள். “ரயில் ஏறும்போதே வயித்துல இருந்தான். உங்க யாருக்கும் தெரியாது. அவனோட அப்பன் ராணுவத்துக்குப் போனான், அதோட சரி. நாப்பத்தி ரெண்டு பிப்ரவரி, தாஷ்கெண்ட்ல பொறந்தான். ஊர்ல எல்லாரையும் கோயில்ல வெச்சு எரிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. நம்பினேன். அப்பா பேரை வெச்சேன். லெய்ப்.”

ஹிண்டா தங்கை பக்கம் திரும்பினாள்.

“நடக்கப் பழகறதுக்குள்ள போயிட்டான். நீ சூப்பு ஊத்திக்கிட்டே சொல்ற, அப்பா நாப்பத்தி மூணு வரைக்கும் இருந்தாருன்னு. பொத்தான் வித்தாருன்னு. நான் உயிரோட இருந்தவரு பேரை வெச்சுட்டேன்டி. லெய்ப்னு ஒருத்தரைத் தேடி வந்தவன் என் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டான்.” மகளைக் கையால் காட்டினாள். “இப்ப இங்க ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு ஹிண்டா. ஒருத்தி வயித்துல குழந்தை. நான் இங்க இருக்க மாட்டேன்.”

“நீ கட்சியில இருந்தவ. கடவுளே இல்லன்னு அம்மாகூடச் சண்டை போட்டவ.”

“கடவுள் இல்ல. தூதன் இருக்கான். அவன் எனக்குப் பழக்கம்.”

“பையன் எதுல போனான்?”

“டைஃபஸ்.”

“பேன் கடிச்சு வர்ற காய்ச்சல். கடிக்கறதுக்கு முன்னாடி பேன் பேரு கேக்காது.” ஃப்ரூமா எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. பட்டறையில் நூல் தரம் பார்க்கிற குரல். “கேளு. வேலிக்குள்ள நான் ரெண்டு வருஷம் பாத்தேன். முறைப்படி பேரு வெச்ச குழந்தைங்க. தாத்தா பேரு, பாட்டி பேரு, எல்லாம் சுத்தமாச் செத்தவங்க பேரு. ஒரு குழந்தையும் மிஞ்சல. வந்தவன் யாரும் பேரைக் கேக்கல. தலையை எண்ணினான், ஏத்தினான். பேரு பாத்து ஆளைத் தூக்கற தூதனை நான் எங்கயும் பாக்கல. பாத்திருந்தா கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும்.”

ஹிண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் போய் அவள் பக்கத்தில், தொடும் தூரத்தில், நின்றாள்.

“பெரியம்மா, இந்தப் பேரை நான் திருப்பித் தர மாட்டேன். எட்டு வயசுலேர்ந்து இதுக்காகச் சண்டை போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க பாஸ்போர்ட்ல கலினா. இந்த வீட்டுல ரெண்டு வாரமா நான் ஹெலன். அவன் ஹிண்டான்னு கேட்டுக்கிட்டு இந்தத் தெருவுக்கு வந்தா என்ன சொல்லுவாங்க? அப்படி யாரும் இங்க இல்லன்னுதான். செஞ்சிலுவைக்காரங்களே உங்களைக் கண்டுபிடிக்கலயே.”

ஹிண்டா அவளைப் பார்த்தாள். முதலில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம். பிறகு அது சிரிப்புதான் என்று ஆயிற்று.

“இவ உன் பொண்ணு இல்ல,” என்றாள் தங்கையிடம். “அம்மா மாதிரி பேசறா.”

“அதனாலதான் அம்மா பேரை வெக்கல. தாங்கியிருக்க முடியாது.”

வெளியே யாரோ காரை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். மகள் ஜன்னலைத் திறந்து, அந்த ஆளின் கல்யாணத்துச் சூப்பில் மழை பெய்யட்டும் என்று இட்டிஷில் சொல்லிவிட்டு மூடினாள். ஹாரன் நிற்கவில்லை. ஆனால் ஹிண்டா பெட்டியிலிருந்து கார்டிகனை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. சமையலறையில் ஃப்ரூமா மூன்று வர்த்திகளை வரிசையில் வைத்து, நான்காவதைத் திரும்பப் பையில் போடப் போனாள்.

“அதை ஏன் எடுக்கறே?” என்றாள் ஹிண்டா.

“இது உனக்கு வாங்கினது.”

“குடு. லெய்புக்கு ஏத்தறேன்.”

“அப்பாவுக்கு இருக்கே.”

“அப்பாவுக்கு இல்ல.”

ஃப்ரூமா தீப்பெட்டியை அவளிடம் கொடுத்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பையனுக்கு ஒரு வர்த்தியும் ஏற்றப்பட்டதில்லை. அந்த நாட்டில் வர்த்தி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஹிண்டாவின் முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவதில் பற்றியது.

“இப்ப ஷூவைக் குடு. கூட்டத்துக்கு நேரமாச்சு.”

ஃப்ரூமா ஷூவை எடுக்கப் போகவில்லை. தன் அறைக்குப் போய், உள்ளே கம்பளி வைத்த பழுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து அக்காவின் காலடியில் போட்டாள்.

“இதைப் போட்டுக்கோ. உன் அளவுதான்.”

“அப்ப நீ?”

“எனக்கு வேற இருக்குடி. அஞ்சு ஜோடி இருக்கு.”

ஹிண்டா உட்கார்ந்து, முனகிக்கொண்டே குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டாள். சரியாகப் பொருந்தியது. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.

“ஆகஸ்ட் மாசத்துல பூட்ஸ் எதுக்குடி?”

“இங்க ஆகஸ்ட்லதான் குளிரு,” என்றாள் ஃப்ரூமா. “இன்னொண்ணையும் போடு. கார் ரோட்டுல நிக்குது.”